நாற்பத்தைந்து பாகையும் அதன் நிறுவலும்: எறிய இயக்கத்தில் உயர்வுப் பெறுமானம் பற்றியதொரு வரலாற்று நோக்கு

ஒரே வேகத்துடன் எறியப்படும் பொருளொன்று, கிடையுடன் 45 பாகை சாய்வில் எறியப்படும்பொழுதே மிகத் தொலைவிற் சென்று விழும் என்பது உயர்தர வகுப்பிற் கணிதம் பயிலும் மாணவர் யாவரும் அறிந்த முடிபு. அதனைப் பெறுவதற்கு அவர்கள் கையாளும் வழியும் பெரும்பாலும் ஒன்றே. வீச்சினைக் கோணத்தின் சார்பாக எழுதி, அதனை வகையிட்டுப் பூச்சியத்துக்குச் சமப்படுத்துவர். வழி குறைபாடுடையதன்று. ஆயின், இவ்வழியாலேயே இம்முடிபு முதலிற் பெறப்பட்டதென்றும், வகையீட்டு நுண்கணிதம் தோன்றுமுன் இதனை நிறுவுதல் இயலாதிருந்ததென்றும் ஓர் எண்ணம் மாணவரிடையே நிலவுகின்றது. அவ்வெண்ணம் வரலாற்றுக்குப் பொருந்தாது. விடை நிறுவலுக்கு நூறாண்டு முன்னரே கூறப்பட்டுவிட்டது; நிறுவல் வந்தபொழுதும் நுண்கணிதத்தின் துணையின்றியே வந்தது.

1531ஆம் ஆண்டில் வெரோனா நகரில் வாழ்ந்த நிக்கோலோ தார்த்தாலியா என்னும் கணித ஆசிரியரிடம், பீரங்கியாளரான நண்பர் ஒருவர், பீரங்கியை எச்சாய்வில் நிறுத்தினாற் குண்டு மிகத் தொலைவு செல்லும் என வினவினார். தார்த்தாலியா தம் வாழ்வில் ஒருபொழுதும் பீரங்கி சுட்டவரல்லர். எனினும் 45 பாகையே விடை எனக் கூறினார். பீரங்கித் தொழிலிற் பழகிய வேறொருவர் அதனை மறுத்து, 30 பாகையே தக்கது என வாதிடப் பந்தயமும் கட்டப்பட்டது. 20 இறாத்தற் குண்டெறியும் பீரங்கியொன்றினாற் சோதித்தபொழுது, 45 பாகையில் 1972 கோலும் 30 பாகையில் 1872 கோலும் குண்டு சென்றதென அவர் எழுதுகின்றார். கோல் ஒன்று ஆறு அடி. இச்செய்தி 1537இல் வெனிசில் வெளிவந்த ‘புதிய விஞ்ஞானம்’ என்னும் அவரது நூலின் உரிமையுரையிற் காணப்படுவது.

அவர் கூறிய விடை சரியாயினும் காரணம் சரியன்று. குண்டின் பாதை முதலில் ஒரு நேர்கோடு, பின்னர் ஒரு வட்டவில், இறுதியில் நிலைக்குத்தாக இறங்கும் மற்றொரு நேர்கோடு என மூன்று பகுதிகளை உடையது என்று அவர் கொண்டார். கிடைக்கும் நிலைக்குத்துக்கும் நடுவில் நிற்பது 45 பாகை என்பதே அவருடைய நியாயத்தின் சாரம். பாதையின் எப்பகுதியும் முற்றிலும் நேரானதன்று என 1546இல் வெளியிட்ட நூலில் அவரே கூறினார். ஆயின் அதன் உண்மையான வடிவம் அவருக்குப் புலப்படவில்லை.

இவ்வறிஞரின் வாழ்வு பற்றி ஈண்டு ஒரு வார்த்தை கூறுதல் பொருந்தும். 1512இல் பிரெஞ்சுப் படையினர் பிரேசியா நகரைச் சூறையாடியபொழுது, சிறுவராயிருந்த இவருடைய முகத்தையும் தாடையையும் போர்வீரன் ஒருவனின் வாள் பிளந்தது. திக்கிப் பேசுபவர் எனப் பொருள்படும் ‘தார்த்தாலியா’ என்னும் பெயர் அக்காயத்தால் வந்ததே. அயலானை அழிக்கும் கலையைச் செம்மைப்படுத்துவது பழிக்குரியது எனக் கருதி, பீரங்கி பற்றிய தம் குறிப்புகளைத் தாம் அழித்துவிட்டதாகவும், துருக்கியப் படையெடுப்பு அச்சுறுத்தியபொழுது மனம் மாறி அவற்றை வெளியிட்டதாகவும் அவரே எழுதியுள்ளார். எறியவியல் பிறக்கும்பொழுதே இவ்விரண்டக நிலையும் உடன்பிறந்தது.

மேற்காட்டிய அளவுகளை இன்றைய அறிவுகொண்டு நோக்குதல் பயனுடையது. வளித்தடை இல்லையெனின், 45 பாகையில் 1972 கோல் செல்லும் குண்டு 30 பாகையில் ஏறத்தாழ 1708 கோலே செல்லுதல் வேண்டும். தார்த்தாலியா தரும் எண்ணோ 1872. வளித்தடையுள்ளபோது மிகப் பெரிய வீச்சைத் தரும் சாய்வு 45 பாகையிலும் குறைந்துவிடும். ஆகவே தாழ்ந்த சாய்வின் வீச்சு எதிர்பார்த்ததினும் கூடுதலாயிருத்தல் வியப்பன்று. பந்தயத்திற் தோற்றவர் முற்றிலும் அறியாமையாற் பேசினார் என்று கொள்ளுதற்கில்லை.

இதனினும் ஆழமானதொரு தடையும் உண்டு. 45 பாகையில் வீச்சு 10000 அலகு எனின், வளித்தடையற்ற நிலையில் 44 பாகையில் அது 9994. 40 பாகையிலும் 9848. ஐந்து பாகை தவறியும் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கே இழப்பு. வெடிமருந்தின் தரமும் குண்டின் பருமனும் சூட்டுக்குச் சூடு வேறுபட்ட அக்காலத்தில், இத்துணைச் சிறிய வேறுபாட்டைக் களத்திற் கண்டறிதல் எங்ஙனம்? உயர்வுப் பெறுமானத்தின் அண்மையில் மாற்றம் உணரமுடியாத அளவு சிறிதாகும் என்பதை, மதுப் பீப்பாக்களின் கொள்ளளவை ஆராய்ந்த கெப்பிளர் 1615இற் சுட்டிக்காட்டினார். உயர்வு நிகழும் இடத்தைத் துல்லியமாகக் காட்ட அனுபவம் மட்டும் போதாமைக்கு இதுவே காரணம். நிறுவல் இவ்விடத்தில் அணியன்று, தேவை.

அந்நிறுவலைத் தந்தவர் கலிலியோ. 1633இற் தண்டிக்கப்பட்டு வீட்டுக்காவலில் இருந்த அவருடைய ‘இரு புதிய விஞ்ஞானங்கள்’ என்னும் நூல், அவர் பார்வை இழந்துவிட்டிருந்த 1638ஆம் ஆண்டில் ஒல்லாந்தின் லெய்டன் நகரில் அச்சாகியது. அதன் நான்காம் நாள் உரையாடலில், சீரான கிடை இயக்கமும் சீராக ஆர்முடுகும் வீழ்ச்சியும் சேர்ந்தால் விளையும் பாதை பரவளைவு என முதலில் நிறுவுகின்றார். பின்னர் அவர் வீச்சின் உயர்வை நேரே தேடவில்லை. வினாவைத் தலைகீழாக்கி, குறித்த தொலைவை எட்டுவதற்கு மிகக் குறைந்த உந்தல் போதுமான பாதை எது எனக் கேட்கின்றார். அடி உயரத்தின் இருமடங்காயுள்ள அரைப்பரவளைவே அது என்பது விடை; அதிலிருந்து 45 பாகை துணைமுடிபாகப் பெறப்படுகின்றது.

அந்நிறுவலின் கருவை இக்கால நடையிற் கூறுவோம். கலிலியோ வேகத்தை உயரத்தால் அளந்தார். ஒரு பொருள் குறித்த வேகத்தைப் பெறுவதற்கு எவ்வளவு உயரத்திலிருந்து விழவேண்டுமோ, அவ்வுயரமே அவ்வேகத்தின் அளவு. பரவளைவின் உச்சியிற் பொருளுக்குள்ள கிடை வேகத்தின் அளவை ‘மேலுயரம்’ என்றும், உச்சி தரையிலிருந்து நிற்கும் உயரத்தை ‘பாதையுயரம்’ என்றும் அழைப்போம். எறியும் வேகத்தின் அளவு இவ்விரண்டின் கூட்டுத்தொகை. உச்சியிலிருந்து விழுமிடம்வரையுள்ள கிடைத்தூரத்தின் பாதி, இவ்விரண்டின் பெருக்கத்தின் வர்க்கமூலம். ஆகவே, எறியும் வேகம் மாறாதிருக்க வீச்சை உயர்த்துதல் என்பது, கூட்டுத்தொகை மாறாத இரு நீளங்களின் பெருக்கத்தை உயர்த்துதலேயாம். பெருக்கம் மாறாதிருக்கக் கூட்டுத்தொகையைக் குறைத்தல் என்னும் கலிலியோவின் வினா இதன் மறுபக்கம்.

பத்து அலகுக் கோட்டை இரண்டாகப் பிரிப்போமாயின், ஐந்தும் ஐந்தும் பெருகி 25. நான்கும் ஆறும் பெருகி 24. மூன்றும் ஏழும் பெருகி 21. நடுவிலிருந்து ஓரலகு விலகின் ஒன்று குறையும். ஈரலகு விலகின் நான்கு குறையும். குறைவு எப்பொழுதும் விலகலின் வர்க்கமே. வர்க்கம் மறையாகாது, ஆதலால் நடுவே உயர்வு. இஃது யூக்கிளிட்டின் இரண்டாம் நூலின் ஐந்தாம் தேற்றம். கலிலியோவுக்கு ஏறத்தாழ 1900 ஆண்டுகள் முற்பட்டது. இருபடிச் சார்பை வர்க்கமாக நிரப்பி உயர்வு காணும் நம் வகுப்பறை முறை இதன் அட்சரகணித வடிவமேயன்றி வேறன்று. மேலுயரமும் பாதையுயரமும் சமமாகும்பொழுது சாய்வு 45 பாகையாகும். அப்பொழுது வீச்சு, அதே வேகத்தில் நேர்மேலே எறிந்தால் எட்டும் உயரத்தின் இருமடங்கு. குறித்ததொரு பாதையின் உச்சியும் இவ்வாறே பெறத்தக்கது: எறியம் எவ்விடத்தும் நிற்கும் உயரம், எறிந்த இடத்திலிருந்தும் விழும் இடத்திலிருந்தும் அதன் கிடைத்தூரங்களின் பெருக்கத்துக்கு விகிதசமமாதலால், உச்சி நடுவிலேயே அமையும்.

45 பாகை பற்றிப் பீரங்கியாளர் வாயிலாக ஏற்கெனவே கேள்வியுற்றிருந்தும், காரணத்தை அறிந்தபின் எய்திய நிறைவு அதனினும் மிகப் பெரிது என நூலில் வரும் சக்ரேதோ என்னும் பாத்திரம் கூறுகின்றது. ஒன்றின் காரணத்தை அறிந்தவன் சோதனையின்றியே வேறு பலவற்றை அறிவான் என்பது சல்வியாத்தியின் மறுமொழி. 45 பாகைக்குச் சம அளவு மேலும் கீழுமுள்ள இரு சாய்வுகள் ஒரே வீச்சைத் தரும் என்பதை அவர் எடுத்துக்காட்டாகத் தருகின்றார். இவ்வுரையாடலே அந்நாளின் மிகச் சிறந்த பகுதி என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

அதே 1638ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பிரான்சில் பேர்மாவின் உயர்வு இழிவு காணும் முறை மெர்சென் வாயிலாக டெக்கார்ட்டின் கையை அடைந்தது. பேர்மா எடுத்த முதல் உதாரணம் கோட்டை இரண்டாகப் பிரித்துப் பெருக்கத்தை உயர்த்துதல், அதாவது யூக்கிளிட்டின் வினாவே. மேற்கூறிய பத்தலகுக் கோட்டில் ஒரு துண்டை ‘அ’ என்க. அதனை ‘ஈ’ என்னும் சிற்றளவாற் கூட்டி, பழைய பெருக்கத்தையும் புதியதையும் சமப்படுத்தி, ‘ஈ’யால் வகுப்பின், 10 = 2அ + ஈ என வரும். எஞ்சிய ‘ஈ’யை விலக்க, அ = 5. வகையீட்டின் முன்னோடி இது. புதிய கருவி பழைய விடையைச் சரியாகத் தருகின்றதா என்று பார்த்தே அது நம்பப்பட்டது என்பதை மாணவர் கருத்திற் கொள்ளல் நன்று.

கலிலியோவின் மாணவரான ரொரிசெல்லி 1644இற் சாய்ந்த எறிவுகளை விரிவாக ஆராய்ந்து, ஒரே வேகத்தில் எத்திசையில் எறியினும் எப்பாதையும் கடக்கவியலாத எல்லையும் ஒரு பரவளைவே எனக் காட்டினார். 1647இல் ஜெனோவாவின் ரெனியேரி, தம் துப்பாக்கிச் சோதனைகள் அட்டவணைகளோடு பொருந்தவில்லை என அவருக்கு எழுதினார். தாம் தத்துவ அறிஞருக்கு எழுதினாரேயன்றிப் பீரங்கியாளருக்கன்று என்பதே அவர் அளித்த விடையின் சாரம். கலிலியோ இதனினும் நிதானமானவர். துப்பாக்கிக் குண்டின் வேகம் இயற்கைக்கு மீறியது என்றும், வளித்தடை அதன் பாதையைத் திரிக்கும் என்றும் அவர் முன்னரே எச்சரித்திருந்தார்.

அத்திரிபின் அளவை 1742இல் இங்கிலாந்தின் பெஞ்சமின் ரொபின்சு வெளிப்படுத்தினார். செக்கனுக்கு 1650 அடி வேகத்தில் எறியப்படும் 24 இறாத்தற் குண்டு, பரவளைவுக் கொள்கையின்படி 16 மைல் செல்லுதல் வேண்டும். உண்மையில் அது மூன்று மைலையும் எட்டவில்லை. ரொபின்சின் நூலை 1745இல் ஜேர்மன் மொழியிற் பெயர்த்து விரிவான விளக்கமும் எழுதிய ஒயிலர், 1753இல் வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளித்தடை அமையும் பாதையைப் படிப்படியாகக் கணிக்கும் முறையை வகுத்தார். அப்பாதை பரவளைவன்று, அதன் உயர்வு வீச்சுக்கு எல்லா வேகத்துக்கும் பொதுவான ஒரு கோணமும் இல்லை.