அங்கவடி எலும்பின் கதை

மனித உடலிலுள்ள எலும்புகள் யாவற்றினும் சிறியது நடுச்செவியிலே இருக்கின்றது. அரிசிமணியிற் பாதியளவே உள்ள அது, குதிரைச் சேணத்தின் அங்கவடியை ஒத்திருத்தலின் அப்பெயரே பெற்றது. செவிப்பறையில் மோதும் ஒலியைத் தன் அசைவினால் உட்செவிக்குச் சேர்ப்பது அதன் தொழில். சிலருக்கு வாலிபப் பருவத்திலேயே அதன் அடியில் புதிய எலும்பு வளர்ந்து, அதனை அசையவொட்டாமல் இறுக்கிவிடுகின்றது. நரம்பு பழுதின்றியிருந்தும் அவர்களுக்குக் காது மந்தமாகின்றது. பெண்களே இந்நோய்க்குப் பெரிதும் ஆளாகின்றனர்.

இறுகிய எலும்பை அசைத்து விடுவித்தால் என்ன? 1878-இல் கெசல் என்னும் ஜெர்மானிய வைத்தியர் அவ்வாறே செய்து பார்த்தார். வேறு சிலரும் அவரைப் பின்பற்றினர். சிலருக்குக் காது கேட்டது. ஆனால் வெறுங்கண்ணால் செய்யும் வேலை, உள்ளே சீழ் பிடித்தால் மூளையுறை வரை பரவும், தடுக்க மருந்தில்லை. ஆகவே 1899, 1900 ஆண்டுகளையொட்டிக் கூடிய சர்வதேச மகாநாடுகளில் பொலிட்சர், சீபன்மான் முதலிய பேராசிரியர்கள் இச்சிகிச்சையைக் கண்டித்து ஒதுக்கினர். அபாயமென்று அவர்கள் கூறியது மெய்யே. ஆயின் அந்நாளைய கருவிகளுக்குரிய தீர்ப்பை எந்நாளைக்கும் உரியதாகக் கொண்டதன்றோ தவறு! ஏறக்குறைய அரை நூற்றாண்டு அவ்வெலும்பைத் தொடத் துணிந்தவர் மிக அரியர்.

இதற்கிடையில் 1921-இல், ஸ்டாக்ஹோம் நகரில் நைலேன் என்பவர் மைக்ராஸ்கோப்பின் துணைகொண்டு காதில் இரணசிகிச்சை செய்தார். ஒற்றைக் கண்ணால் நோக்கும் கருவி அது. மறு ஆண்டே ஹோம்கிரென் இரு கண்ணாலும் நோக்கும் கருவியைப் புகுத்தினார். 1938-இல் நியூயார்க்கில் லெம்பர்ட், அங்கவடியை அசைக்க முயலாமல், உட்செவிச் சுவரில் புதிய துவாரமிட்டு ஒலிக்கு வேறு வழி திறந்தார். கதவு திறவாதென்று சுவரை உடைத்தது போன்ற வேலைதான். கேள்வி ஓரளவே மீண்டது, தலைச்சுற்றல் வேறு.

1952-இல் அதே நகரில் ரோசன் என்பவர், லெம்பர்ட் முறையில் சிகிச்சை செய்யுமுன், எலும்பு இறுகியுள்ளதாவென்று தொட்டுச் சோதித்தார். மயக்கமின்றிக் கிடந்த நோயாளி திடீரெனத் தமக்குக் காது கேட்கிறதென்றார்! எலும்பு விடுபட்டிருந்தது. கெசலின் வழி மீண்டும் திறந்தது. எனினும் விடுவித்த எலும்பு பலருக்கு மறுபடி இறுகியது. 1956 மே 1-ஆம் தேதி, மெம்பிஸ் நகரில் ஷே என்னும் வைத்தியர் அங்கவடியையே எடுத்துவிட்டு, அவ்விடத்தை மூடி, டெஃப்லானால் ஆன மாற்றெலும்பைப் பொருத்தினார்.

இக்காலத்தில் எலும்பின் அடித்தட்டை முழுதும் எடுப்பது குறைவு. அதில் சிறு துவாரமிட்டு மெல்லிய தண்டொன்றைப் பொருத்துகின்றனர். நரம்பு கெட்டு வந்த செவிட்டுக்கு இது உதவாது. பல மருத்துவசாலைகளில் காதை மட்டும் மரக்கச் செய்து, நோயாளி விழித்திருக்கவே இதனைச் செய்கின்றனர். தண்டு பொருந்தியதும் வைத்தியர் தாழ்ந்த குரலில் ஏதேனும் சொல்லி, கேட்கிறதா என்று வினவுகிறார்.