ஸ்டியரிங் சுமை குறைந்த கதை

நின்றுகொண்டிருக்கும் பழைய லாரியின் ஸ்டியரிங்கை ஓர் ஓட்டுநர் ஒடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? இருக்கையிலிருந்து பாதி எழுந்து, உடலின் எடை முழுவதையும் ஒரு பக்கமாகச் சாய்த்து இழுப்பார். வண்டி மெல்ல உருளத் தொடங்கியதும் அதே ஸ்டியரிங் சற்று இளகிவிடும். இதற்குக் காரணம் உராய்வுதான். நிற்கும் வண்டியில், தரையைத் தொடும் டயர்ப் பகுதி இருந்த இடத்திலேயே தேய்ந்து திரும்பவேண்டும். உருளும் வண்டியில் அப்படித் தேயவேண்டியதில்லை.

இன்றைய கார்களில் இந்தப் பாடு இல்லை. இதற்கு வழிகாட்டிய மனிதர் தம் கண்டுபிடிப்பு கடைக்கு வருவதற்குக் கால் நூற்றாண்டு காத்திருந்தார். அந்தக் கதையைக் காண்போம்.

கைப்பிடியிலிருந்து சக்கரத்திற்கு

1886ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டிக்கு மூன்றே சக்கரங்கள். முன்னால் இருந்த ஒற்றைச் சக்கரத்தை ஒரு சிறு கைப்பிடியால் திருப்பினார்கள். முன்புறம் இரண்டு சக்கரங்கள் இருந்தால் ஒரு சிக்கல் எழும். வளைவில் உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்லும். ஆகவே இரண்டும் ஒரே கோணத்தில் திரும்பக்கூடாது. குதிரை வண்டிகளுக்காக மியூனிக் நகரத்து லாங்கன்ஸ்பெர்கர் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார். 1818இல் லண்டனில் அதற்குக் காப்புரிமை பெற்றவர் ஆக்கர்மன். அவர் பெயரே நிலைத்துவிட்டது.

1894இல் நடந்த பாரிஸ்–ரூவான் போட்டியில் வாஷரோன் என்பவர் தம் பன்ஹார்ட் வண்டியில் கைப்பிடிக்குப் பதிலாக வட்டமான சக்கரத்தைப் பொருத்தியிருந்தார். இரு கைகளாலும் பற்றிச் சுற்றலாம் என்பதால், சில ஆண்டுகளிலேயே அது பரவிவிட்டது.

பற்சக்கரத்தின் விலை

வண்டிகள் கனத்தன. 1923 முதல் காற்றழுத்தம் குறைந்த அகலமான டயர்களும் வந்தன. பயணம் மெத்தென்று இருந்தது. ஸ்டியரிங்கோ இன்னும் இறுகியது. பொறியாளர்கள் பற்சக்கரங்களின் விகிதத்தைக் கூட்டிப் பார்த்தார்கள். இங்கே எந்திர விதி குறுக்கிட்டது. விசையில் இலாபம் வேண்டுமானால் தூரத்தில் நஷ்டப்பட வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். முன்சக்கரங்கள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 60 பாகை திரும்புவதாகக் கொள்வோம். விகிதம் 20க்கு 1 என்றால் ஸ்டியரிங் 1200 பாகை, அதாவது ஏறத்தாழ மூன்றேகால் சுற்று சுற்றவேண்டும். 30க்கு 1 என்றால் ஐந்து சுற்று! கை வலி குறையும். ஆனால் குறுக்கே குழந்தை ஓடிவந்தால் சட்டென்று வண்டியை ஒதுக்க முடியாது. ஓட்டுநரின் தோளைக் காப்பாற்றுவதா, சாலையில் போகிறவரைக் காப்பாற்றுவதா என்ற கேள்வி எழுந்தது. வெளியிலிருந்து ஆற்றல் தந்தாலன்றி இதற்கு விடை இல்லை.

டேவிஸ் கண்ட வழி

அமெரிக்காவின் பஃபலோ நகரில் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் பொறியாளராக இருந்தவர் பிரான்சிஸ் டேவிஸ். லாரி ஓட்டுநர்கள் படும் பாட்டை அவர் அன்றாடம் கண்டார். வேலையை விட்டுவிட்டு, மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்தம் நகரில் ஒரு சிறு பட்டறையை வாடகைக்கு எடுத்தார். ஜெசப் என்ற கருவி வினைஞர் அவருக்குத் துணை நின்றார்.

எண்ணெய் அழுத்தத்தால் உதவலாம் என்பது பாஸ்கல் விதி படித்த எவருக்கும் தோன்றும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோகிராம் அழுத்தம், 20 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள பிஸ்டன் என்று வைத்துக்கொண்டால் 1000 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை கிடைக்குமே! ஆனால் எண்ணெயை எப்போதும் அழுத்தத்தில் அடைத்து வைத்தால் இணைப்புகளில் கசியும், ஆற்றலும் வீணாகும்.

டேவிஸ் இதைத் தலைகீழாகச் சிந்தித்தார். அவரது வால்வு நடுநிலையில் திறந்தே இருக்கும். வண்டி நேராகச் செல்லும்போது, பம்பு அனுப்பும் எண்ணெய் தடையின்றிச் சுற்றித் தொட்டிக்கே திரும்பிவிடும். ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வால்வு இம்மியளவு நகரும். ஒரு வழி குறுகும். அப்போதுதான் அழுத்தம் ஏறிப் பிஸ்டனை ஒரு பக்கமாகத் தள்ளும். முன்சக்கரம் வேண்டிய அளவு திரும்பியதும் வால்வு மீண்டும் நடுநிலைக்கு வந்துவிடும். தேவைப்படாத நேரத்தில் சும்மா இருக்கத் தெரிந்த உதவியாளன் அது! பம்பு நின்றுபோனாலும், ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் தண்டுகள் இருப்பதால் கைவலிமையால் வண்டியைத் திருப்பிவிடலாம்.

அவர் இதற்காகப் புதுக் கார் எதையும் கட்டவில்லை. 1921ஆம் ஆண்டின் பியர்ஸ்-ஆரோ கார் ஒன்றில் இந்த அமைப்பைப் பொருத்தி, 1926இல் செய்துகாட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் அவரோடு ஒப்பந்தம் செய்தது. பொருளாதார மந்தம் வந்தது. செலவு அதிகம் என்று 1934இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து அவர் பெண்டிக்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் கவச வண்டிகளுக்குத்தான் முதலில் இதன் அருமை தெரிந்தது.

விற்பனைக் காரில் இது வந்தது 1951இல், கிரைஸ்லர் இம்பீரியலில். அந்த நிறுவனம் பயன்படுத்தியது டேவிஸின் காலாவதியான காப்புரிமைகளை. அதன் பிறகே ஜெனரல் மோட்டார்ஸ் பழைய திட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. 1952இல் காடிலாக் கார்களில் அது இடம்பெற்றது.

இன்று

1988இல் ஜப்பானின் சுசுகி செர்வோ காரில் எண்ணெய்க்குப் பதிலாக மின்மோட்டார் இந்த வேலையை ஏற்றது. இப்போது பழங்காலக் கார்களைப் போற்றி வைத்திருப்பவர்கள்கூட ஸ்டியரிங் தண்டில் மின்மோட்டாரைப் பொருத்திக்கொள்கிறார்கள். அவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது. தேய்ந்த மூட்டுகளை மாற்றாமல் மோட்டாரைமட்டும் பொருத்தினால் சுமை குறையும், ஆட்டம் குறையாது. வலி தெரியாததால் நோய் தீர்ந்துவிட்டதாக எண்ணுவது போன்றது அது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். பெரியவர் ஒருவர் துணையுடன், நிறுத்தி வைத்த காரில் எஞ்சின் ஓடாதபோது ஸ்டியரிங்கைச் சற்றுத் திருப்ப முயலுங்கள். பிறகு எஞ்சினை இயக்கச் செய்து மீண்டும் திருப்புங்கள். உங்கள் கைக்குத் தெரியும் அந்த வேறுபாடுதான் வால்தம் பட்டறையில் டேவிஸ் தேடிக் கண்டது.