திராட்சைத் தோட்டத்துக் கறுப்பு நாய்

அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தெடுத்த ஆம்போரா ஓடுகளைக் குறிப்பிடாமல் சங்ககால வணிகம் பற்றி எழுதுவோர் அரிது. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர் சொல்லும் யவனர் மதுவுக்கு அவையே சான்று என்று வகுப்பில் சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவது எம்போன்ற தமிழாசிரியர்களின் வழக்கம். சாடிகளின் ஊரையும் பின்வந்த ஆய்வாளர்கள் கண்டுசொல்லிவிட்டனர். சில கோஸ் என்னும் கிரேக்கத் தீவைச் சேர்ந்தவை. சில இத்தாலியின் கம்பானியாவைச் சேர்ந்தவை. மதுவைக் குடித்த பாண்டியனை அறிவோம். கொண்டுவந்த யவனனை ஓரளவு அறிவோம். அந்தக் கொடியைக் கவாத்து செய்தவன் எவ்வாறு வாழ்ந்தான்? அவனுடைய ஒரு நாள் எப்படிக் கழிந்தது? இக்கேள்வியோடு ரோமானியரின் வேளாண் நூல்களுக்குள் நுழைந்தால் முதலில் நம்மை எதிர்கொள்வது ஒரு நாய்.

இத்துறையில் முழுமையாக நமக்கு எஞ்சியிருக்கும் பழைய லத்தீன் நூல்களுள் மூன்று முதன்மையானவை. கேட்டோ (கி.மு. 234–149) எழுதியது கடுகடுப்பான குறிப்பேடு. வார்ரோ தம் எண்பதாம் அகவையில், கி.மு. 37இல், உரையாடல் வடிவில் எழுதினார். கி.பி. முதல் நூற்றாண்டினரான கொலுமெல்லா இன்றைய ஸ்பெயினின் காதிஸ் நகரில் பிறந்தவர்; பன்னிரண்டு பகுதிகள் கொண்ட பெருநூலை இயற்றியவர். மூவரிலும் நடையழகு மிக்கவர் இவரே என்பது என் எண்ணம். மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்த ஒருவரின் உரைநடை அது.

கொலுமெல்லாவின் ஏழாம் பகுதி நாயைப் பற்றிய ஒரு வழக்காடலோடு முடிகிறது. நாயை ஊமைக் காவலன் என்று சொல்வது பிழை என்கிறார் அவர். திருடன் வந்திருப்பதை அதைவிடத் தெளிவாக உரத்துச் சொல்லும் மனிதன் எவன், அதைவிட அன்புடைய வேலையாள் எவன் என்று கேட்கிறார். பிறகு மூவகை நாய்களைப் பிரிக்கிறார்: வீட்டையும் களத்தையும் காப்பது, மந்தையைக் காப்பது, வேட்டைக்குரியது. மூன்றாவது வகை அவருக்கு வேண்டாம். வேட்டை நாய் வைத்திருப்பவன் வேலையை விட்டுவிட்டுக் காட்டுக்குப் போய்விடுவானாம்.

மந்தை நாய் வெண்மையாக இருக்கவேண்டும். விடியலின் மங்கலில் மேய்ப்பன் அதை ஓநாய் என்று எண்ணி அடித்துவிடக் கூடாது. தோட்டத்து நாய் கறுப்பாக இருக்கவேண்டும். பகலில் அதன் தோற்றமே திருடனை அச்சுறுத்தும், இரவில் இருளோடு இருளாக நெருங்கிப் பாயும். உடலைவிடத் தலை பெரிதாகத் தோன்றவேண்டும், காது தொங்கவேண்டும், கண் கறுத்தோ சாம்பல் நிறத்திலோ ஒளிரவேண்டும், மார்பு அகன்று மயிரடர்ந்திருக்கவேண்டும். ஓட்டம் தேவையில்லை. அது இடத்தை விட்டு அகலாமல் இருந்தால் போதும். குணத்தைப் பற்றி அவர் சொல்வது இன்னும் நுட்பமானது. மிகவும் சாதுவான நாய் திருடனிடமும் வாலாட்டும். மிகவும் மூர்க்கமான நாய் வீட்டாரையே கடிக்கும். இரண்டுக்கும் நடுவே, சிடுசிடுப்பாக, காரணமின்றிக் குரைக்காமல், விழிப்போடிருக்கும் ஒன்றைத் தேடிப் பிடிக்கவேண்டும். பள்ளிக்கு ஆசிரியர் தேடுவோரின் விளம்பரம்போல் இருக்கிறது.

உணவிலும் நிலத்துக்கேற்ற வேறுபாடு உண்டு. மேய்ச்சலும் மந்தையும் உள்ள பண்ணையென்றால் நாய்க்கு வாற்கோதுமை மாவும் மோர்த்தெளிவும் கிடைக்கும். மேய்ச்சலின்றிக் கொடியும் மரமும் மட்டும் வைத்த நிலத்தில் பால்படு பொருளுக்கு வழியில்லை. ஆகவே திராட்சைத் தோட்டத்து நாய்க்குக் கோதுமை ரொட்டியை, அவரையினக் கொட்டை வேகவைத்த நீரில் ஊறவைத்துக் கொடுக்கவேண்டும். நீர் வெதுவெதுப்பாக இருக்கவேண்டும். கொதிக்கக் கொதிக்கக் கொடுத்தால் வெறி பிடிக்கும் என்று அவர் நம்பினார். பிறந்த நாற்பதாம் நாள் வால் நுனியைக் கடித்தெடுத்தால் வெறிநோய் அண்டாது என்பதும் அக்காலத்து மேய்ப்பரின் நம்பிக்கை. இரண்டும் பொய் என்பதை இன்று அறிவோம். எனினும் நாயின் கஞ்சி சூடா ஆறியதா என்று பார்க்கும் அக்கறை, கோடையில் காதில் ஈ மொய்த்துப் புண்ணாகாமலிருக்க வாதுமையை அரைத்துத் தடவும் அக்கறை, இவை பொய்யல்ல.

பெயரும் இடவேண்டும். மிக நீண்ட பெயர் கூடாது, அழைத்தவுடன் காதில் விழவேண்டும். ஈரசைக்குக் குறையவும் கூடாது. ஆண் நாய்க்கு ஃபெரோக்ஸ், கெலர். பெண் நாய்க்கு லூபா, கெர்வா, டிக்ரிஸ். முரடன், விரைவன், பெண் ஓநாய், மான், புலி. நம் தெருக்களில் மணிக்கு அடுத்தபடியாக அழைக்கப்படும் 'டைகர்' இரண்டாயிரம் ஆண்டு மூப்புடையவர் என்பதை நண்பர்கள் அறிக.

இத்தனை காவல் எதற்கு? கொலுமெல்லாவின் நாய் முதன்மையாகத் திருடனுக்கானது. ஆனால் திராட்சைக்குத் திருடர் பலர். கொடியைத் தரையில் படரவிடும் ஆசியப் பகுதிகளில் அறுவடை நரிக்கும் மனிதனுக்கும் பொதுவாகிவிடுகிறது என்கிறார் வார்ரோ. பண்டதேரியா என்னும் சிறுதீவில் எலித்தொல்லையால் தோட்டம் முழுதும் பொறி வைத்தார்கள் என்பதும் அவர் தரும் செய்தி. இத்தாலியில் ஊன்றுகோலும் குறுக்குக் கழியும் கட்டிக் கொடியை உயர்த்தியதற்குக் காற்றோட்டம் மட்டுமன்றி இதுவும் ஒரு காரணமாகலாம்.

இனி தோட்டக்காரனிடம் வருவோம். அவனுடைய ஆண்டு அறுவடை முடிந்த கையோடு தொடங்குகிறது. அக்டோபர் நடுவில் கொடியின் அடியைச் சுற்றி மண்ணைப் பறித்து, மேலோடிய வேர்களை அறுப்பான். குளிருக்கு ஏற்பப் பின்பனியிலோ இலையுதிர் காலத்திலோ கவாத்து. பிறகு ஊன்றுகோல் மாற்றி, வில்லோ நாரால் கொடியைக் கட்டுவான். வசந்தத்தில் மீண்டும் மீண்டும் கொத்து. வேண்டாத இளந்தளிரை விரலால் கிள்ளி, பழத்துக்கு வெயில் படச் செய்வான். செப்டம்பர், அக்டோபரில் கொய்தல். கையில் எப்போதும் ஓர் அரிவாள். அதன் ஆறு உறுப்புகளுக்கு ஆறு பெயர் தந்து, எது எந்த வெட்டுக்கு என்று கொலுமெல்லா விளக்குகிறார். வெட்டும் அலகு, உள்வளைவு, சீவும் முனை, வளைந்த மூக்கு, பின்புறத்துச் சிறுகோடரி, அதன் கூர் என்று அப்பகுதியைப் படிக்கும்போது ஒரு கைவினையின் முழு அறிவும் அந்த இரும்பில் தங்கியிருப்பது தெரிகிறது.

பொம்பெயியில், நெடுங்காலம் மாட்டுச்சந்தை என்று கருதப்பட்ட வெளியை 1960களில் வில்ஹெல்மினா ஜாஷெம்ஸ்கி அகழ்ந்தார். கி.பி. 79ஆம் ஆண்டின் எரிமலைச் சாம்பலுள் மட்கிய வேர்கள் விட்டுச்சென்ற துளைகளில் சிமெண்டை ஊற்றி வார்த்தெடுத்தபோது அது ஒரு திராட்சைத் தோட்டம் என்பது புலனாயிற்று. 2,014 கொடிவேர்கள், ஒவ்வொன்றின் அருகிலும் ஊன்றுகோல் நட்ட துளை. நூலில் சொன்ன வரிசை நிலத்தில் இருந்தது.

அரிவாளின் ஆறு உறுப்புக்கும் பெயர் உண்டு. நாய்க்கும் பெயர் உண்டு. அரிவாளைப் பிடித்தவனுக்கு நூலில் பெயரில்லை. விலை மட்டும் உண்டு. கொலுமெல்லாவின் மூன்றாம் பகுதியில் அந்தக் கணக்கு வருகிறது. ஓர் அடிமைத் தோட்டக்காரனால் 7 யூகெரம் நிலத்தைப் பார்த்துக்கொள்ள முடியும். நம் கணக்கில் ஏறக்குறைய 4.4 ஏக்கர். ஆளின் விலை 8,000 செஸ்டெர்ஸ். நிலத்துக்கு 7,000. கொடி, ஊன்றுகோல், நார் முதலியவற்றுக்கு 14,000. ஆக 29,000. கொடி காய்க்காத முதல் ஈராண்டுக்கு ஆறு விழுக்காடு வட்டி 3,480. மொத்தம் 32,480. இதை வட்டிக்கு விட்டால் ஆண்டுக்கு 1,950 வரும். யூகெரத்துக்கு ஒரு குல்லேயுஸ், அதாவது ஏறத்தாழ 520 லிட்டர் மது என்னும் மிகத் தாழ்ந்த விளைச்சலும் மிகத் தாழ்ந்த விலையும் வைத்தாலே 2,100 கிடைக்கும். ஆகவே திராட்சை வையுங்கள் என்பது அவர் வாதம். ஆள் உண்ணும் ரொட்டி, பிழிபொறி, சாடி, எரு எதுவும் இக்கணக்கில் இல்லை என்று பொருளியல் வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். நாயின் ரொட்டியும் இல்லை. எனக்குப் படுவது வேறு. நிலத்தைவிட விலை உயர்ந்தவன் அந்த ஆள். ஏலக்கல்லில் நிற்கும் குற்றவாளி ஒருவனை மலிவாக வாங்கித் தோட்டத்தில் விடலாம் என்று பலர் எண்ணுவது தவறு, தோட்டக்காரன் விலை உயர்ந்தவனாகவே இருக்கவேண்டும் என்று கொலுமெல்லாவே வற்புறுத்துகிறார்.

இந்த இடத்தில் அவரது முதற்பகுதியைத் திருப்பிப் பார்க்கவேண்டும். திராட்சை வேலைக்கு உயரத்தைவிட அகன்ற தோளும் புயவலிமையும் வேண்டும், அறிவுக்கூர்மையும் வேண்டும். தீயவர்களிடமே அறிவு சுறுசுறுப்பாக இருக்கும் என்பதால் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பாலும் விலங்கிட்ட ஆட்களே வேலை செய்கிறார்கள் என்று சாதாரணமாகச் சொல்லிச் செல்கிறார். அவர்களுக்கான இருப்பிடம் நிலத்தடியில். கூடியவரை நலமானதாக இருக்கட்டும். குறுகிய சன்னல்கள் பல வைக்கலாம், கைக்கு எட்டாத உயரத்தில். அறிவாளி என்பதால் விலை, அறிவாளி என்பதால் விலங்கு.

கேட்டோவின் குறிப்பேடு இதைச் சோற்றளவில் பதிவு செய்கிறது. விலங்கிட்டவர்களுக்குக் குளிர்காலத்தில் நாளொன்றுக்கு நான்கு ராத்தல் ரொட்டி. திராட்சைத் தோட்டத்தைக் கொத்தத் தொடங்கும் நாளில் ஐந்து. அத்திப்பழம் உண்ணக் கிடைக்கும் காலம் வந்ததும் மீண்டும் நான்கு. கொய்து முடித்தபின் மூன்று மாதத்துக்கு, பிழிந்த சக்கையில் நீரூற்றி எடுத்த இரண்டாம் மது. ஒரு ராத்தல் ரொட்டி ஏறுவதையும் இறங்குவதையும் வைத்து அந்த மண்வெட்டி எவ்வளவு கனத்தது என்று கணிக்கலாம்.

அதே கேட்டோ நாயைப் பற்றி ஒரேயொரு விதி தருகிறார்: இரவில் சீற்றமும் விழிப்பும் மிகுந்திருக்க, பகலில் நாய்களை அடைத்து வைக்கவேண்டும். கேட்டோவுக்கும் கொலுமெல்லாவுக்கும் இடையே இருநூறு ஆண்டுகள். ஆயினும் இருவரையும் அருகருகே வைத்தால் தோட்டத்தின் ஒரு நாள் கண்முன் விரிகிறது. விடியலில் நாய் உள்ளே போகிறது. ஆள் வெளியே வருகிறான். அந்தியில் ஆள் உள்ளே போகிறான். நாய் வெளியே வருகிறது. ஒரே கொடிவரிசையில் மாறிமாறி முறைவேலை. நிலத்தடியில் படுத்திருப்பவனுக்கு இரவெல்லாம் அந்தக் குரைப்பு கேட்டிருக்கும். நாய் வெளியாரிடமிருந்து கொடியைக் காத்தது என்பது உண்மை. உள்ளிருப்பவன் வெளியே போகாமல் காத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் ஊகம். நூல்கள் அதைச் சொல்லவில்லை, சொல்லத் தேவையிருந்திராது.

வார்ரோ பண்ணைக் கருவிகளை மூன்றாகப் பகுத்தது பலரும் அறிந்தது: பேசும் கருவி அடிமை, அரைகுறைக் குரலுள்ள கருவி எருது, ஊமைக் கருவி வண்டி. நாயை ஊமை என்னாதீர் என்று வழக்காட ஒரு கொலுமெல்லா இருந்தார். பேசும் கருவி என்ன பேசியது என்று எழுத இவர்களுள் ஒருவரும் இல்லை. நம் முக்கூடற்பள்ளில் பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டுகிறான். ஆனால் பள்ளன் பேசுகிறான், மனைவியர் இருவரும் ஏசிக்கொள்கிறார்கள், பண்ணைக்காரனே நகைப்புக்கு ஆளாகிறான். லத்தீன் வேளாண் நூல்களின் தெளிந்த உரைநடையில் அந்தச் சிரிப்புக்கு இடமில்லை.

பொம்பெயிக்கு வெளியே சிவிதா ஜூலியானா என்னுமிடத்துப் பண்ணை வீட்டில் 2021இல் ஓர் அறை வெளிப்பட்டது. ஏறத்தாழ 16 சதுர மீட்டர், மூன்று கட்டில்கள், ஒன்று குழந்தைக்குரிய நீளம், மூலையில் ஆம்போராக்கள், மேலே ஒரு சிறு சன்னல். 2023இல் இன்னோர் அறை. விலங்கோ பூட்டோ அங்கே காணப்படவில்லை. நூல் சொல்லும் நிலவறைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. எல்லாத் தோட்டத்திலும் சங்கிலி இருந்திருக்கவேண்டியதில்லை. சன்னலின் உயரம் மட்டும் நினைவுக்கு வருகிறது.

பெயரோடு நமக்குக் கிடைக்கும் தோட்டக்காரர் ஒருவர் உண்டு. அக்கிலியஸ் ஸ்தெனெலஸ், விடுதலை பெற்ற அடிமையர் மரபினர். ரோமுக்கு அருகே நொமென்தத்தில் 60 யூகெரம் திராட்சையைச் சீர்செய்து 4,00,000 செஸ்டெர்ஸுக்கு விற்றார் என்று மூத்த பிளினி வியக்கிறார். பின்பு ரெம்மியஸ் பலேமோன், இவரும் அடிமையாய்ப் பிறந்தவர், இலக்கண ஆசிரியர் (எம் தொழிலில் செல்வரானவரைப் பற்றி எழுத நேர்வது அரிது என்பதால் குறிக்கிறேன்), அதே பகுதியில் பராமரிப்பின்றிக் கிடந்த ஒரு நிலத்தை 6,00,000க்கு வாங்கி ஸ்தெனெலஸிடம் ஒப்படைத்தார். எட்டாம் ஆண்டில் கொடியில் தொங்கும் பழம் மட்டுமே 4,00,000க்கு விலைபோயிற்று. பத்தாண்டுக்குள் அத்தோட்டத்தை நான்கு மடங்கு விலைக்கு வாங்கியவர் செனெக்கா. அடிமைகளும் மனிதரே, அவர்களோடு அமர்ந்து உண்ணலாம் என்று தம் 47ஆம் கடிதத்தில் வாதிட்ட அதே செனெக்கா. கொலுமெல்லாவும் அந்தத் தோட்டத்தை அறிந்திருந்தார். நொமென்தத்துச் செனெக்காவின் நிலத்தில் யூகெரத்துக்கு எட்டுக் குல்லேயுஸ் விளைந்தது என்று குறித்துவைக்கிறார். அங்கே கவாத்து செய்தவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.