தூரில் முளைத்த தட்டு

காரைக்காலுக்குத் தெற்கே நிரவியில் எங்கள் பெரியப்பா வீட்டுக் கொல்லையில் பதினேழு தென்னைகள் இருந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் ஐந்தைச் சாய்த்தது. இரண்டு வருஷம் கழித்து, தப்பி நின்ற ஒரு மரத்தின் தூரில் தட்டு மாதிரி ஒன்று முளைத்தது. உள்ளங்கை அகலம். பழைய பீரோவுக்கு வார்னிஷ் அடித்த மாதிரி செம்பழுப்பு மினுமினுப்பு, ஓரத்தில் வெள்ளைக் கரை. குடையுமில்லை, தண்டுமில்லை, மரத்திலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது.

"காளான்தானே, பிச்சுப் போட்டுடுங்க பெரியப்பா" என்றேன்.

"அது வெளிய வர்றதுக்கு முன்னாடியே மரம் போயிடுச்சுடா" என்றார்.

இதையேதான் காளானியல் புத்தகங்களும் சொல்கின்றன, கொஞ்சம் நீட்டி. நாம் பார்க்கிற தட்டு அந்த உயிரின் கனி மட்டும்தான். உடம்பு முழுக்க மெல்லிய இழைகளாக மரத்துக்குள்ளே இருக்கிறது. வேர் வழியாக நுழைந்து தூரைத் தின்றுகொண்டே போகும். அடிமட்டைகள் மஞ்சளாகித் தொங்கும், குரும்பை உதிரும், தூரிலிருந்து செம்பழுப்பாகச் சாறு வடியும். எல்லாம் முடிகிற நேரத்தில்தான், அதுவும் சில மரங்களில் மட்டும், தட்டு வெளியே தலைகாட்டும்.

இந்த நோய்க்கு ஒரு ஊர்ப்பெயர் உண்டு: தஞ்சாவூர் வாடல் நோய். 1952 நவம்பர் 30 அன்று நாகப்பட்டினம் பக்கம் ஒரு கடும்புயல் கரையேறியது. அதற்குப் பிறகுதான் தஞ்சாவூர் ஜில்லாத் தென்னைகளில் இந்த வாடல் கவனத்துக்கு வந்தது. ஜில்லாவின் பெயரே நோய்க்கு ஒட்டிக்கொண்டது. காரைக்கால் அப்போது பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தஞ்சாவூர் ஜில்லா. 1954 நவம்பர் 1 வரை எல்லையைத் தாண்ட மனுஷனுக்குத்தான் சோதனைச்சாவடி, காளானுக்கு ஏது? மணல் ஒன்று, காற்று ஒன்று, தென்னையும் ஒன்று.

எனக்கு உறுத்துவது அந்தப் பெயர்தான். கர்நாடகத்தில் பாக்கு மரத்துக்கும் தென்னைக்கும் இதே வியாதி வருவது அதற்கு முன்பே தெரியும். அவர்கள் வைத்த பெயர் 'அணபே ரோகம்'. கன்னடத்தில் அணபே என்றால் காளான். அங்கே பெயரிலேயே குற்றவாளி இருக்கிறான். நம்முடைய பெயரில் இருப்பது இடமும் அறிகுறியும். வாடல் என்று சொன்னதும் ஆள் அண்ணாந்து மட்டையைத்தானே பார்ப்பான்? தூரைப் பார்க்க யாருக்குத் தோன்றும்? 'அடித்தண்டழுகல்' என்ற பெயரும் புழக்கத்தில் இருக்கிறது. அது கொஞ்சம் நியாயமான பெயர், பார்வையைக் கீழே இறக்குகிறது.

அறிவியல் பெயரின் கதை இன்னும் வேடிக்கை. நம் பாடப்புத்தகங்கள் இதை கானோடெர்மா லூசிடம் என்கின்றன. 1781-ல் வில்லியம் கர்ட்டிஸ் லண்டனை ஒட்டிய பெக்கமில் கிடைத்த ஒரு பளபளப்புக் காளானுக்கு வைத்த பெயர்தான் 'லூசிடம்'. ஒரு நூறு வருஷம் கழித்து, 1881-ல், பின்லாந்தின் கார்ஸ்டன் 'கானோடெர்மா' என்ற பேரினத்தை உண்டாக்கினார். கிரேக்கத்தில் பளபளக்கும் தோல் என்று பொருள். அதன்பின் உலகத்தில் எங்கே வார்னிஷ் பூசிய தட்டு தென்பட்டாலும் லூசிடம்தான். சீனர்கள் மருந்தாகப் போற்றும் லிங்சி அதே காளான் என்றுதான் ரொம்ப நாள் நம்பினார்கள். மரபணுவைப் பிரித்துப் பார்த்தபோது அது வேறு இனம் என்று ஆகிவிட்டது. அசல் லூசிடம் ஐரோப்பியக் காடுகளின் ஆள். நிரவித் தென்னையில் முளைத்ததை லண்டன் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, சின்ன வயசில் தப்பாக வைத்த பட்டப்பெயர் நிலைத்துவிடுவது மாதிரிதான்.

இத்தனைக்கும் இந்தக் கரை காளான் சேகரிப்புக்குப் புதிதில்லை. காரைக்காலுக்கு வடக்கே பஸ்ஸில் சிறிது நேரம் போனால் தரங்கம்பாடி. லின்னேயஸின் மாணவரான கோனிக் 1768-ல் அங்கே டேனிஷ் மிஷன் வைத்தியராக வந்து இறங்கினார். அவர் இந்தியாவிலிருந்து அனுப்பிய ஒரு காளானை லின்னேயஸ் 1771-ல் விவரித்திருக்கிறார். அது தரையில் முளைக்கிற வகை, மரத்தட்டு இல்லை. பிரெஞ்சுக்காரர்களில் புதுச்சேரியின் பெரோத்தே நீலகிரி ஏறிச் சேகரித்தவற்றை, ராணுவ மருத்துவராக இருந்த மோந்தாஞ் 1842-ல் பிரசுரித்தார். மலைக்குளிரில் சேகரிப்பது சுகமாகத்தான் இருந்திருக்கும், நான் குறை சொல்லமாட்டேன்.

காரைக்கால் பக்கம் மரத்தில் தட்டைப் பார்த்தவுடன் பயந்துவிடக்கூடாது. வேலிக்கம்பில், விறகுக்கட்டையில் குங்குமச் சிவப்பில் மெல்லிசாக ஒன்று வரும். பெரும்பாலும் செத்த மரத்தோடு அதன் வேலை முடிந்துவிடும். மாமரத்தின் பட்ட கிளையில் சாம்பல் வெள்ளையில் குட்டி விசிறிகள் வரிசை கட்டும். திருப்பிப் பார்த்தால் அடியில் மடல்கள் நீளவாக்கில் பிளந்திருக்கும். கானோடெர்மாவுக்கு மடலே கிடையாது. அடிப்புறம் ஊசியால் குத்தின மாதிரி நுண்துளைகள். புதுசாக இருக்கும்போது வெள்ளை. நகத்தால் கீறினால் கோடு பழுப்பாகிவிடும். முற்றியதும் சுற்றிலும் காப்பிப்பொடி தூவின மாதிரி வித்துத்தூள். உயிரோடிருக்கிற தென்னையின் தூரில் இதெல்லாம் சேர்ந்திருந்தால், அந்த மரத்தை விட்டுவிட்டுப் பக்கத்து மரங்களைப் பார்க்க வேண்டியதுதான்.

பெரியப்பா அதைத்தான் செய்தார். மரத்தை வெட்டினதோடு விடவில்லை. தூரையும் வேரையும் தோண்டி எடுத்து எரித்தார். மண்ணுக்குள் மிச்சம் கிடக்கிற கட்டையில்தான் அது வருஷக்கணக்கில் பிழைத்திருக்கும். புயலில் சாய்ந்த ஐந்தின் தூர்களும் அப்போதுதான் வெளியே வந்தன. ரெண்டு வருஷமாக எங்களுக்கு அவை உட்கார்ந்து பேசுகிற திண்ணையாக இருந்தன. பக்கத்து மரங்களைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, ஆளுக்கு அஞ்சு கிலோ வேப்பம்புண்ணாக்கு போட்டு, நடுவில் வாழை வைத்தார்.

இப்போது கொல்லையில் பத்து நிற்கிறது. பதினொன்றாவதின் தூரில் போன வைகாசியில் சாறு கசிந்தது. தட்டு வரும்வரை காத்திருக்கவில்லை.