பென்சிலில் எழுதிய மனு

அமெரிக்க சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தால் முதலில் எதிரே வந்து நிற்பது 'முன்தீர்ப்பு'. மேல்கோர்ட் ஒரு வழக்கில் சொன்னதை, அதே மாதிரி வழக்கு வரும்போது கீழ்கோர்ட் பின்பற்றியே ஆகவேண்டும். (இங்கிலாந்திலிருந்து போன பழக்கம். நமக்கும் அங்கிருந்துதான் வந்தது.) சரி, அந்த முன்தீர்ப்பே தப்பாக இருந்தால்?

1961-ல் ஃப்ளோரிடா மாநிலம் பனாமா சிட்டியில், ஒரு பூல் விளையாட்டுக் கூடத்தை உடைத்துத் திருட நுழைந்ததாக கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பவரைப் பிடித்தார்கள். கையில் காசில்லை, கோர்ட்டில் வக்கீல் கேட்டார். மரண தண்டனை வழக்குக்கு மட்டும்தான் அரசு வக்கீல் தரும் என்றார் ஜட்ஜ். கிடியன் தானே வாதாடித் தோற்றார். ஐந்து வருடம் சிறை.

கொடுமைதான், ஆனால் அன்றைய சட்டப்படி ஜட்ஜ் சொன்னது சரி! வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தரும் 6-வது திருத்தம் (1791) மத்திய அரசைத்தான் கட்டுப்படுத்தியது. மாநிலங்களுக்கு 14-வது திருத்தம் (1868): முறையான சட்ட நடைமுறை இல்லாமல் யாருடைய சுதந்திரத்தையும் பறிக்கக்கூடாது. அந்த 'முறையான நடைமுறை'யில் வக்கீலும் சேர்த்தியா? ஏழைக்கு எல்லா வழக்கிலும் தரவேண்டியதில்லை, படிப்பறிவின்மை போன்ற தனிச் சூழல் இருந்தால் போதும் என்று 1942-ல் பெட்ஸ் எதிர் பிரேடி வழக்கில் சுப்ரீம் கோர்ட் 6-3 என்று முடிவு செய்திருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. முன்தீர்ப்பை கோர்ட் ரத்து செய்யவில்லை. 'இந்த வழக்கு வேறு' என்று நகர்ந்தார்கள். 1950-க்குப் பிறகு முழுதாக விசாரித்த ஒரு வழக்கில்கூட 'தனிச் சூழல் இல்லை' என்று சுப்ரீம் கோர்ட் சொல்லவில்லை. விதி புத்தகத்தில் இருந்தது, உள்ளே காலி. சட்டம் இப்படித்தான் மெதுவாக நகரும் போலிருக்கிறது :-)

கிடியன் சிறையிலிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் பென்சிலில் மனு எழுதிப் போட்டார். தனிச் சூழல் எதையும் அவர் சொல்லவில்லை. அதனால் நழுவ வழியில்லை, பெட்ஸ் தீர்ப்பையே நேருக்கு நேர் பார்க்கவேண்டி வந்தது. கோர்ட் அவருக்காக ஏப் ஃபோர்டாஸ் என்ற பெரிய வக்கீலை நியமித்தது. 1963 மார்ச் 18, ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக பெட்ஸ் தீர்ப்பை ரத்து செய்தார்கள். தீர்ப்பை எழுதியவர் ஹ்யூகோ பிளாக். 1942-ல் தோற்ற பக்கத்தில் நின்று மாற்றுத் தீர்ப்பு எழுதிய அதே பிளாக்! தோற்றதையும் எழுதி வைக்கும் வழக்கம் எதற்கு என்று இதைப் படித்தபோதுதான் புரிந்தது.

கிடியன் உடனே விடுதலையாகவில்லை, மறுவிசாரணைதான் கிடைத்தது. தன்னை ஏற்றிக்கொண்டதை யாரிடமும் சொல்லாதே என்று கிடியன் கேட்டுக்கொண்டதாக டாக்ஸி டிரைவர் சாட்சி சொன்னார். கேட்க எவ்வளவு சந்தேகமாக இருக்கிறது! முன்பும் அப்படிச் சொன்னதுண்டா என்று இந்தமுறை வக்கீல் கேட்டார். உண்டு, அவருக்கு மனைவியோடு தகராறு என்றார் டிரைவர். ஜூரி சுமார் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, குற்றவாளி இல்லை என்றது.