புவியியல் படித்தவர் சுற்றுச்சூழல் துறைக்கு வருவது எப்படி?

"ஜியாக்ரபி படிச்சு என்னடா செய்யறது? டீச்சர் வேலைதானே? நீயாவது அவளுக்கு எடுத்துச் சொல்லு" என்று சென்னையிலிருந்து அக்கா தொலைபேசியில் புலம்பினாள். மகள் இளங்கலைப் புவியியல் இறுதியாண்டு. சுற்றுச்சூழல் மேலாண்மைக்குப் போகப் போகிறேன் என்கிறாளாம். கணிப்பொறிக்காரனான நான் விசாரித்துப் பார்த்தேன். திருத்த வேண்டியிருந்தது என் எண்ணத்தைத்தான்.

நான் வசிக்கும் கெல்லிவில், சிட்னியின் வடமேற்குப் புறநகர். ரௌஸ் ஹில் நிலையத்தில் சுத்திகரித்த கழிவுநீர், 2001 முதல் இப்பகுதி வீடுகளுக்குத் தனிக் குழாயில் வருகிறது. தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் அதுதான். ஊதா நிறக் குழாயைப் பார்த்தாலே தெரியும். 2019 மே மாதம் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. இன்னொரு பக்கம், எஞ்சியிருக்கும் கம்பர்லாந்து சமவெளிக் காடு அழிவின் விளிம்பில் இருப்பதாகச் சட்டப்படி பட்டியலிடப்பட்டுள்ளது. இத்தகைய இடத்தில் கட்டடம் எழும்புமுன் மண், ஓடை, மரம், வெள்ளம், குடியிருப்பு அனைத்தையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும். புவியியல் கற்றுத் தரும் பார்வை அதுவே.

இது புதிய உறவும் அல்ல. வெள்ளச் சேதத்துக்கு, மனிதர் எங்கே குடியேறுகிறார்கள் என்பதும் காரணம் என்று 1940களிலேயே ஆராய்ந்து எழுதிய கில்பர்ட் வைட் ஒரு புவியியலாளர். 2015 வெள்ளத்தைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1960களில் கனடாவில் ஜி.ஐ.எஸ். முறைக்கு வித்திட்ட ரோஜர் டாம்லின்சனும் புவியியலாளரே.

இனி வழிமுறை:

1. கருவி: ஜி.ஐ.எஸ்., தொலையுணர்வு இரண்டிலும் கை பழக வேண்டும். க்யூ.ஜி.ஐ.எஸ். மென்பொருள் இலவசம். புள்ளியியலும் கொஞ்சம் வேதியியலும் கூடவே தேவை. கலைப் பிரிவில் படித்தவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

2. சட்டம்: இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை. இங்கே நியூ சவுத் வேல்ஸின் 1979 திட்டமிடல் சட்டம், மத்திய அரசின் 1999 சட்டம், மாநிலத்தின் 2016 பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம்.

3. மேற்படிப்பு: சுற்றுச்சூழல் மேலாண்மையில் முதுகலை. பாடப் பட்டியலில் களப்பணி இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள்.

4. முதல் வேலை: நாற்காலி வேலையாக இராது. ஓடையில் நீர் மாதிரி எடுப்பது, கட்டுமானத் தளத்து மண் மழையில் கரைந்து போகாமல் தடுப்பு வைப்பது, இரைச்சலை அளப்பது என்று தொடங்கும். மேலாளர் பதவி அதற்குப் பிறகுதான்.

5. சான்று: ஆஸ்திரேலியா-நியூசிலாந்து சுற்றுச்சூழல் கழகத்தின் தொழில்முறைச் சான்றிதழ்த் திட்டம் 2004இல் தொடங்கியது. படிப்போடு ஐந்தாண்டு அனுபவமாவது வேண்டும்.

ஒரு சங்கடத்தையும் மறைக்கக் கூடாது. ஆலோசகருக்குச் சம்பளம் தருபவர் பெரும்பாலும் திட்டத்தைக் கட்டுபவரேதான். 'இந்த ஓடையை மூடக் கூடாது' என்று அவரிடமே எழுதிக் கொடுக்கும் துணிவை எந்தப் பட்டமும் தராது.

இதை மருமகளிடம் சொன்னேன். "அதுக்குத்தான் மாமா போறேன்" என்றாள். அக்காவிடம் இனி நான்தான் பேச வேண்டும்.