ஒத்துப்போகும் அளவீடுகளும் அவற்றின் பொது மூலமும்

1892 முதல் 1894 வரை ரேலி பிரபு நைட்ரஜனின் அடர்த்தியை அளந்துகொண்டிருந்தார். கண்ணாடிக் கோளம் ஒன்றிலிருந்து காற்றை வெளியேற்றி எடை பார்க்க வேண்டும். பிறகு தூய வளிமத்தை நிரப்பி மறுபடி எடை பார்க்க வேண்டும். வேலை இவ்வளவுதான். ஆனால் அதை அவர் செய்த விதம் இன்றும் படிக்கத் தக்கது. வெளிக்காற்றின் மிதப்பு நாளுக்கு நாள் மாறும் என்பதால், தராசின் மறுபக்கத்தில் அதே பருமனுள்ள இன்னொரு கோளத்தைத் தொங்கவிட்டார். வெற்றிடமாக்கிய கோளம் காற்றழுத்தத்தால் சற்றே சுருங்குகிறது. சுருங்கினால் அதன் மிதப்பும் குறைகிறது. அவருக்கு முன் இதே வேலையைச் செய்த ரெனோ கவனிக்காமல் விட்ட இந்த நுணுக்கத்துக்கும் திருத்தம் கணக்கிட்டார்.

காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சூடான செம்பைக் கொண்டு நீக்கியபோது கோளத்திலிருந்த நைட்ரஜன் 2.3103 கிராம் இருந்தது. சூடான இரும்பைக் கொண்டு நீக்கியபோது 2.3100 கிராம், ஃபெரஸ் ஹைட்ராக்சைடைக் கொண்டு நீக்கியபோது 2.3102 கிராம். வேதிமுறை மூன்றும் வேறு, முடிவு ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு பத்தாயிரத்தில் ஒன்றரைப் பங்குக்குள் அடங்கியது. எந்த ஆய்விதழும் தயங்காமல் ஏற்றுக்கொள்ளும் முடிவு அது. அப்படியும் மூன்றும் தவறு. நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஸ் ஆக்சைடு, அம்மோனியம் நைட்ரைட் ஆகிய சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜனின் எடை 2.30 கிராமுக்கு மிக அருகிலேயே நின்றது. சராசரிகளுக்கு இடையில் 11 மில்லிகிராம் வேறுபாடு இருந்தது.

மூன்று முறைகளும் ஒருசேரத் தவறியதற்குக் காரணம், மூன்றும் காற்றில் தொடங்கியதே. காற்றிலிருந்து பெற்ற 'நைட்ரஜனில்' நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆர்கான் இருந்தது. அதை நீக்கும் ஆற்றல் செம்புக்கும் இல்லை, இரும்புக்கும் இல்லை. ஒரே வீட்டில் பேசி வைத்துக்கொண்டு வந்த மூன்று பேரின் சாட்சியம் எவ்வளவு ஒத்துப்போனாலும் அதை ஒரு சாட்சியமாகத்தான் கொள்ள முடியும்.

இக்கட்டுரையின் வாதம் இதிலிருந்து பிறக்கிறது. ஓர் அளவீட்டோடு இன்று நாம் வெளியிடும் பிழைவரம்பு, அந்தக் கருவியும் அந்த முறையும் தம்மைப் பற்றித் தாமே தரும் மதிப்பீடு. அது தேவைதான், ஆனால் போதாது. ஓர் எண் எந்தெந்த முந்தைய எண்களை நம்பிப் பிறந்தது என்ற வழிமரபும் தெரிந்தால்தான், இரண்டு அளவீடுகள் ஒத்துப்போவதற்கு என்ன மதிப்பு, முரண்படுவதற்கு என்ன மதிப்பு என்று சொல்ல முடியும். வழிமரபு வேறான இரண்டு அளவீடுகள் முரண்பட்டால் அந்த முரண்பாடே ஆய்வின் பயன். அதைச் சராசரியில் கரைத்துவிடுவது இழப்பு.

மில்லிகனின் எண்ணெய்த் துளி ஆய்வைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதையில் இந்தக் கூறு விடுபட்டுப் போகிறது. 1913-இல் அவர் எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை 4.774×10⁻¹⁰ நிலைமின் அலகு என்று வெளியிட்டார். பிழைவரம்பு ஆயிரத்தில் இரண்டு பங்கு. இன்றைய மதிப்பு 4.803, வேறுபாடு ஆயிரத்தில் ஆறு. பின்வந்தவர்கள் மில்லிகனின் எண்ணுக்கு அருகிலேயே நிற்க விரும்பி, சிறிது சிறிதாகத்தான் மேலே ஏறினார்கள் என்று ஃபைன்மன் 1974-இல் கால்டெக் மாணவர்களிடம் பேசினார். மனித மனத்தைப் பற்றிய அந்த எச்சரிக்கை முக்கியமானது. ஆனால் தவறு எப்படி வெளிப்பட்டது என்பது அதைவிட முக்கியம் என்று கருதுகிறேன்.

துளி விழும் வேகத்திலிருந்து மின்னூட்டத்தைக் கணக்கிடக் காற்றின் பாகுநிலை தெரிய வேண்டும். மின்னூட்டம் பாகுநிலையின் ஒன்றரை அடுக்கைச் சார்ந்தது. பாகுநிலையில் ஆயிரத்தில் நான்கு பங்கு குறைந்தால் மின்னூட்டத்தில் ஆறு பங்கு குறையும். மில்லிகன் பயன்படுத்திய பாகுநிலை மதிப்பு ஏறத்தாழ அந்த அளவுக்குக் குறைவாக இருந்தது. துளிகளை ஆயிரம் தடவை ஏற்றி இறக்கினாலும் இது தெரியவராது.

அந்த மின்னூட்டம் பிறகு எங்கெல்லாம் போனது என்று பாருங்கள். ஃபாரடே மாறிலியை அதனால் வகுத்து அவகாட்ரோ எண்ணைப் பெற்றார்கள். அவகாட்ரோ எண், படிகத்தின் அடர்த்தி, மூலக்கூறு எடை ஆகியவற்றிலிருந்து கால்சைட்டின் அணு அடுக்குகளுக்கு இடைப்பட்ட தூரத்தைக் கணக்கிட்டார்கள். அந்தத் தூரத்தை அளவுகோலாக வைத்து எக்ஸ் கதிர்களின் அலைநீளங்களைக் குறித்தார்கள். திண்மநிலை இயற்பியலின் அடித்தளமான படிக அளவீடுகள் எல்லாம் சிகாகோவில் மில்லிகனின் துளி அறைக்குள்ளிருந்த காற்றின் பாகுநிலையை நம்பி நின்றன. படிக ஆய்வகங்கள் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போனாலும் அது மில்லிகனுக்கு ஆதரவாகாது. அவை அவருடைய எண்ணின் வாரிசுகள்.

இந்தச் சங்கிலியை அறுத்தது 1925-இல் காம்ப்டனும் டோவனும் காட்டிய வழி. கோடு கிழித்த சாதாரணக் கீற்றணியின் மேல் எக்ஸ் கதிரை மிகச் சாய்வாக விழச் செய்தால் அதுவும் விளிம்பு விளைவுக்கு உட்படும். கீற்றணியின் கோடுகளை நுண்ணோக்கியும் மீட்டர் அளவுகோலும் கொண்டு எண்ணிவிடலாம். எலெக்ட்ரானைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பெக்லின், பேர்டன் முதலியோர் இம்முறையைச் செம்மைப்படுத்தியபோது, அலைநீளங்கள் படிக மதிப்பைவிட ஆயிரத்தில் இரண்டு பங்கு கூடுதலாக வந்தன. அணு அடுக்குத் தூரம் மின்னூட்டத்தின் கனமூலத்தைச் சார்ந்தது. எனவே இரண்டு பங்கை மும்மடங்காக்கினால் மின்னூட்டத்தில் ஆறு பங்கு. கணக்கு நேரே பாகுநிலையைக் கைகாட்டியது. அப்படியும் படிகங்களின் உள்ளமைப்பில்தான் குறை என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். 1929-இல் பர்ஜ் மாறிலிகளை எல்லாம் சீர்தூக்கித் தொகுத்தபோதுகூட மின்னூட்டத்துக்கு மில்லிகனை ஒட்டிய மதிப்பையே வைத்தார். 1930-களில் பாகுநிலையை மறுபடி அளந்த பிறகே வழக்கு முடிந்தது.

இன்றைய அளவீட்டியல் இதைக் கடந்து வந்துவிட்டது, உள்ளீடுகள் ஒன்றையொன்று சாரும் அளவைக் குறிக்கும் உடன்தொடர்பு அணிகள் இருக்கின்றன, மாறிலிகளைத் தொகுக்கும் கோடேட்டா குழு ஒவ்வொரு உள்ளீட்டின் சார்பையும் கணக்கில் கொள்கிறது என்று எதிர்வாதம் வரலாம். உண்மைதான். ஆனால் உடன்தொடர்பு அணியில் நாம் எழுதும் எண்கள், நாம் ஏற்கெனவே சந்தேகப்பட்டவற்றுக்கு மட்டுமே. மின்னூட்டம் பாகுநிலையைச் சார்ந்தது என்பது 1913-இலேயே எல்லாருக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அது பிழைவரம்புக்குள் அடங்கும் என்று நம்பினார்கள். சார்பைத் தெரிந்துவைப்பதும் அதை அறுத்துப் பார்ப்பதும் வெவ்வேறு வேலைகள்.

மியூவானின் முரண் காந்தத் திருப்புதிறன் இதற்கு நம் காலத்துச் சான்று. 2021 ஏப்ரலில் ஃபெர்மி ஆய்வகம் தன் முதல் முடிவை அறிவித்தபோது, அளவீட்டுக்கும் கோட்பாட்டுக்கும் இடையே 4.2 திட்ட விலக்க அளவு வேறுபாடு இருந்தது. அளவீட்டின் நேர்மையைப் பற்றிக் கேள்வியே இல்லை. தலைமைக் கடிகாரத்தின் அதிர்வெண்ணைச் சற்றே மாற்றி, அந்த மாற்றத்தின் அளவைக் குழுவுக்கு வெளியிலிருந்த இருவர் மட்டும் அறிய உறையிலிட்டு வைத்திருந்தார்கள். பகுப்பாய்வு முடியும் வரை குழுவினருக்கே தம் விடை தெரியாது. கேள்வி எழுந்தது 'கோட்பாட்டு மதிப்பு' என்று அழைக்கப்பட்ட எண்ணில். அதில் வலுவிசைத் துகள்களின் பங்கைத் தூய கோட்பாட்டிலிருந்து கணக்கிடவில்லை. எலெக்ட்ரானும் பாசிட்ரானும் மோதிப் பையான்கள் பிறக்கும் விகிதத்தை அளந்த ஆய்வுகளிலிருந்து எடுத்தார்கள். கோட்பாடு என்ற பெயரில் அங்கே நின்றது இன்னோர் அளவீடு. அந்த அளவீடுகளில் இத்தாலியின் க்ளோவும் கலிஃபோர்னியாவின் பேபாரும் தமக்குள் ஒத்துப்போகவில்லை. பிழைவரம்பைச் சற்று அகலமாக்கி இரண்டையும் சேர்த்துவிட்டார்கள்.

ஃபெர்மி ஆய்வகத்தின் அறிவிப்பு வந்த அதே நாளில், குவார்க்குகளின் சமன்பாடுகளை வெளி-காலப் பின்னல் ஒன்றின் மேல் கணினியால் நேரடியாகத் தீர்த்த பிஎம்டபிள்யூ குழுவின் கட்டுரையும் வெளிவந்தது. மோதல் தரவுகள் எதையும் நம்பாத அந்தக் கணக்கு, சோதனை மதிப்புக்கு அருகில் வந்தது. 2023-இல் நோவோசிபிர்ஸ்க் நகரின் சிஎம்டி-3 ஆய்வு பழைய மோதல் தரவுகள் எல்லாவற்றுக்கும் மேலான ஒரு விகிதத்தைத் தந்தது. 2025-இல் கோட்பாட்டாளர்கள் வெளியிட்ட புதிய தொகுப்பு பின்னல் கணக்கையே அடிப்படையாகக் கொண்டது. சோதனையோடு முரண்பாடு இல்லாமல் போயிற்று. மோதல் ஆய்வுகள் ஏன் தமக்குள் வேறுபடுகின்றன என்பது இன்னும் விளங்கவில்லை. க்ளோவுக்கும் பேபாருக்கும் இடையிலிருந்த பிணக்கை ஓர் எண்ணாகச் சுருக்காமல், அதையே தனி ஆய்வுப் பொருளாக முன்னிறுத்தியிருந்தால் இந்த நிலைக்கு முன்னதாகவே வந்திருப்போம் என்பது என் மதிப்பீடு.

அண்டம் விரிவடையும் வேகத்தைப் பற்றிய இன்றைய சிக்கலையும் இந்தக் கண்கொண்டு பார்க்க வேண்டும். அண்டத்தின் நுண்ணலைப் பின்னணியை அளந்த பிளாங்க் விண்கலத்தின் 2018 மதிப்பு மெகாபார்செக்குக்கு விநாடிக்கு 67.4 கிலோமீட்டர், கூட்டல் கழித்தல் 0.5. செஃபீடு விண்மீன்களையும் சூப்பர்நோவாக்களையும் படிகளாகக் கொண்ட ஷூஸ் குழுவின் 2022 மதிப்பு 73.04, கூட்டல் கழித்தல் 1.04. இரு பக்கமும் துணைக்கு ஆட்கள் உண்டு. ஆனால் செஃபீடுகளுக்கு மாற்றாகச் செம்பெரு விண்மீன்களை வைத்து அளப்பவர்களும் பெரும்பாலும் அதே மெகல்லன் மேகத்தையும் அதே என்ஜிசி 4258 விண்மீன் திரளையும் தூர அளவின் நங்கூரமாகக் கொள்கிறார்கள். மேற்படியில் அதே சூப்பர்நோவாக்கள். மறுபக்கம், நுண்ணலைப் பின்னணியை விட்டுவிட்டு விண்மீன் திரள்களின் பரவலைக் கொண்டு அளப்பவர்களும், தொடக்க அண்டத்தில் ஒலி அலை பரவிய தூரத்தைப் பற்றிய அதே கோட்பாட்டை நம்புகிறார்கள். ஆகவே பக்கத்துக்குப் பத்து மதிப்புகளை வரைபடத்தில் புள்ளிகளாக இட்டுக் காட்டுவது கண்ணை ஏமாற்றும். 2017-இல் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியபோது வந்த ஈர்ப்பலையிலிருந்து கிடைத்த மதிப்பு 70. அதன் பிழைவரம்பு மேலே 12, கீழே 8. இரு தரப்பையும் தீர்த்துவைக்கும் வலிமை அதற்கு இல்லை. ஆயினும் எந்த நங்கூரத்தையும் ஒலித் தூரத்தையும் சாராமல் வந்த எண் அது. இன்னொரு செஃபீடு அளவீட்டில் ஒரு தசம இடம் கூடுவதைவிட, இந்த வகை மோதல்கள் இன்னும் பல கிடைப்பதையே நான் வேண்டுவேன்.

ஒத்துப்போதலுக்கு முழு மதிப்பு கிடைக்கும் இடமும் உண்டு. 1980-இல் வான் கிளிட்சிங் கண்ட குவாண்டம் ஹால் விளைவில், மின்தடை 25,812.807 ஓம் என்ற மதிப்பின் முழு எண் பின்னங்களில் நிற்கிறது. கேலியம் ஆர்சனைடிலும் கிராஃபீனிலும் எலெக்ட்ரான்களின் இயக்க விதி வேறு, வேண்டாத மாசுகள் வேறு, செய்முறை வேறு. அப்படியிருந்தும் இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது 10¹⁰-இல் ஒரு பங்கு அளவுக்குக்கூட வேறுபாடு தெரியவில்லை.

ரேலியிடம் கற்க இன்னொன்று இருக்கிறது. முரண்பாடு தலைகாட்டியதும் அதைத் தணிக்க முயலாமல் பெரிதாக்கிப் பார்ப்பதே ஆய்வாளருக்கு நல்ல நெறி என்று அவர் கருதினார். தொடக்கத்தில் அவர் கண்ட வேறுபாடு ஆயிரத்தில் ஒன்றுதான். அப்போது காற்றை அம்மோனியா வழியே குமிழிடச் செய்து செஞ்சூட்டில் செலுத்தியதால், கிடைத்த நைட்ரஜனில் ஏழில் ஒரு பங்கே அம்மோனியாவிலிருந்து வந்தது. காற்றுக்குப் பதில் தூய ஆக்சிஜனைச் செலுத்தி முழு நைட்ரஜனையும் அம்மோனியாவிலிருந்தே எடுத்தார். வேறுபாடு இருநூறில் ஒன்றாக வளர்ந்தது. லேசான ஹைட்ரஜன் கலந்திருக்குமோ என்று வேண்டுமென்றே ஹைட்ரஜனைச் சேர்த்துத் தூய்மை செய்து பார்த்தார், எடை மாறவில்லை. வளிமத்தை எட்டு மாதம் வைத்திருந்து எடை பார்த்தார், அப்போதும் மாறவில்லை. பிறகுதான் வேதியியலாளர் ராம்சேயும் அவரும் புதிய தனிமத்தை அறிவித்தார்கள்.

முரண்பாட்டைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டிய அதே கட்டத்தில்தான் நியூட்ரானின் ஆயுள் இன்று இருக்கிறது. லாஸ் அலமோஸில் காந்தச் சுவர் கொண்ட தொட்டியில் மிகக் குளிர்ந்த நியூட்ரான்களை அடைத்து, மிஞ்சியவற்றை எண்ணியபோது 2021-இல் கிடைத்த மதிப்பு 877.75 விநாடி, பிழைவரம்பு அரை விநாடிக்கும் குறைவு. அமெரிக்கத் தேசியத் தர நிறுவனத்தில் நியூட்ரான் கற்றையைச் செலுத்தி, சிதைவில் பிறக்கும் புரோட்டான்களை எண்ணியபோது கிடைத்தது 887.7 விநாடி, பிழைவரம்பு 2.2. கற்றை முறையில் ஓடும் நியூட்ரான்களின் எண்ணிக்கையை அறிய முன்பு லித்தியம்-6 படலத்தைப் பயன்படுத்தினார்கள். அதன் வினைக் குறுக்குப்பரப்பைப் பிறர் அளவீடுகளிலிருந்து கடன் வாங்க வேண்டியிருந்தது. 2013-இல் அந்தக் கடனை அறுத்தார்கள். வரும் நியூட்ரான்கள் முழுவதையும் விழுங்கும் தடித்த போரான் இலக்கைக் கொண்டு படலத்தை நேரடியாக அளவுதிருத்தம் செய்தார்கள். பழைய மதிப்பு 886.3, பிழைவரம்பு 3.4, புதிய மதிப்பில் பிழைவரம்பு சுருங்கியது, முரண்பாடு நீங்கவில்லை. எஞ்சிய கடன்களில் முதலாவது, பிறந்த புரோட்டான்கள் ஒன்றுவிடாமல் எண்ணப்படுகின்றன என்ற நம்பிக்கை. ஜப்பானின் ஜே-பார்க் ஆய்வில் கற்றை செல்லும் அறையிலேயே ஹீலியம்-3 சிறிதளவு கலந்து, சிதைவில் வரும் எலெக்ட்ரான்களையும் ஹீலியம் விழுங்கும் நியூட்ரான்களையும் ஒரே கருவியால் எண்ணுகிறார்கள். அதுவும் கற்றை முறைதான்; ஆனால் அங்கே புரோட்டானை எண்ணும் வேலை இல்லை.